மூட்டைக்குக் கால் இல்லை

என் வீட்டுக்காரருக்கு என்னைவிட ஒரு மூட்டையின் மேல் அதிக அக்கறை இருந்த காலம் உண்டு. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கொல்லிமலையில், தேவனூர் நாடு என்று சொல்லும் ஊர்ப்பகுதியில் நாங்கள் குடியிருந்தபோது, காலையில் காபி குடித்த கையோடு என் பழைய சேலை ஒன்றை எடுத்து அந்த மூட்டைக்குச் சுற்றுவார். அதைப் பிரம்பு நாற்காலியில் உட்கார்த்தி, மடியில் ஒரு செம்புத் தண்ணீர் வைப்பார். இரண்டு ஆட்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்க, இவர் பின்னாலேயே போவார். நான் கட்டிலில் படுத்தபடி சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். எழுந்து நடக்க எனக்கு அனுமதி இல்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. மலைக்கு இன்னும் ரோடு வரவில்லை. ரோடு வேலைக்குத்தான் இவர் ஓவர்சியராக வந்திருந்தார். அடிவாரத்தில் இருக்கும் காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் தடத்தில் முளைக்குச்சியும் சுண்ணாம்புக் கோடும் மட்டும் இருந்தன. சீக்கிரம் பஸ்ஸே வந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். அதுவரை கீழே போக வேண்டுமானால் நடக்க வேண்டும், நடக்க முடியாதவர்கள் தூளியில் போக வேண்டும். தூளி என்றால் பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஒரு கம்பளியின் இரண்டு முனைகளையும் ஒரு மூங்கிலில் கட்டி, நடுவில் ஆளைப் படுக்கப் போட்டு, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோள் கொடுப்பார்கள்.

முதல் பிள்ளைக்கு நான் அப்படித்தான் போனேன். எட்டாம் மாதமே வலி எடுத்துவிட்டது. மழை விட்டும் விடாமலும் இருந்தது, பாறையெல்லாம் வழுக்கல். தலை பள்ளத்துப் பக்கம், கால் மேட்டுப் பக்கம். ரத்தமெல்லாம் தலைக்கு இறங்கிக் கண் இருட்டியது. கம்பளி இரண்டு பக்கமும் மூடிக்கொண்டதால் எங்கே போகிறேன் என்றே தெரியவில்லை. காரவள்ளியில் வண்டி சொல்ல இவர் முன்னால் ஓடிப்போயிருந்தார். பாதி வழியில் முன்னால் போனவர் வழுக்கி முட்டி போட்டார், தூளி பாறையில் மோதியது. அங்கேயே பிள்ளை பிறந்தான், தங்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மறுபடி உண்டானபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. நாலாம் மாதமே உதிரம் பட்டது. நல்லகாலம், அம்மை குத்த வந்தவர்களோடு ஒரு டாக்டரம்மா மலைக்கு வந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு இவரை வெளியே கூப்பிட்டார். சன்னல் திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

“ஏழு மாசம் முடியிற வரைக்கும் படுத்தே இருக்கட்டும். அப்புறம் மழை பிடிக்கிறதுக்குள்ள கீழே கொண்டு வந்திருங்க. பிரசவம் ஆஸ்பத்திரியிலதான் ஆகணும். ஆனா இறக்கும்போது குலுக்கல் மட்டும் ஆகாது.”

வேறொரு மனிதராக இருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்பார். இவர், “குலுக்கல் ஆகாதுன்னா எவ்வளவுங்க?” என்று கேட்டார்.

டாக்டரம்மா கொஞ்சம் திகைத்திருக்க வேண்டும். பிறகு, “அவ மடியில ஒரு செம்புத் தண்ணி வச்சா, அது சிந்தாம கீழே வரணும். அவ்வளவு” என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, இவர் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

இவர் சுபாவம் அப்படி. ஓடைக்குக் குறுக்கே சின்னப் பாலம் கட்டினால்கூட, அதன் மேல் மணல் மூட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். “காகிதத்துல நிக்கிறதெல்லாம் கணக்கு. பாரம் ஏத்திப் பார்த்தாத்தான் பாலம்” என்பார். எனக்கு இந்தக் கிறுக்கு பழகிப்போனதுதான். ஆனால் அது என் வயிற்றுப் பிள்ளையின் பக்கம் திரும்பும் என்று நான் நினைத்ததில்லை.

முதலில் விளக்குமாற்றுக் குச்சியில்தான் தொடங்கினார். என் கட்டிலோரம் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து அதுதான் மலைத்தடம் என்றார். குச்சியில் நூல் கட்டித் தீப்பெட்டியின் உள்கூட்டைத் தொங்கவிட்டு, அதற்குள் ஒரு மிளகைப் போட்டார்.

“இது நீ.”

“மிளகா நான்?”

“காரம் சரியாத்தான் இருக்குது.”

இரண்டு இடத்தில் கட்டித் தொங்கவிட்டால் குச்சி சாயும்போது பெட்டியும் சாய்ந்து மிளகு உருண்டு விழுந்தது. ஓர் ஊசியைக் குறுக்கே செருகி அதில் மட்டும் தொங்கவிட்டால், குச்சி எப்படிச் சாய்ந்தாலும் பெட்டி மட்டமாகவே நின்றது. அன்று பகல் முழுவதும் அந்த மிளகை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். நானும் சலிக்காமல் பார்த்தேன். படுத்த படுக்கையாகக் கிடந்த அந்த மாதங்களில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு நிஜ நாற்காலி வந்தது. பிரம்பில் பின்னி, கால் நீட்டிச் சாய்ந்துகொள்ள ஒரு பலகையும் வைத்து, தடித்த மூங்கிலின் நடுவில் ஓர் இரும்பு ஆணியில் அது தொங்கியது. உட்கார ஆள் வேண்டுமே. அதற்குத்தான் மூட்டை. டாக்டரம்மா நிறுத்துச் சொன்ன என் எடைக்குச் சரியாக, இடுப்புப் பக்கம் மணலும் மேலே சாமையும் நிரப்பினார்.

“தலைக்கு என்ன வச்சீங்க?” என்று கேட்டேன்.

“உமி.”

கையில் எதுவும் அகப்படாததால் தலையணையை எறிந்தேன். சாக்கு பிரம்பில் வழுக்காது, சேலை வழுக்கும், ஆகையால் சேலை கட்டித்தான் பார்க்க வேண்டும் என்று என் பெட்டியைத் திறந்தபோது எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்தது. கட்டியதும் கட்டினார், நல்ல ஊதாச் சேலையாகப் பார்த்துக் கட்டினார்.

எங்கள் வீட்டில் சமைத்துக் கொடுத்த மலைக்காரப் பெண்ணுக்கு இது போதாதா? காலையில் அடுப்பு மூட்டும்போதே, “அம்மிணி, உங்க சக்களத்தி கெளம்பிட்டாளுங்க” என்று குரல் கொடுப்பாள். மரவள்ளிக் காட்டில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து நின்று, “சின்ன ஊட்டுக்காரம்மா எங்கீங்க போறாங்க?” என்று இவரையே கேட்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இவரோ செம்பையே பார்த்துக்கொண்டு நடப்பார்.

முதல் நாள் செம்பு காலியாகத் திரும்பி வந்தது. நாற்காலி ஊஞ்சலாக ஆடியதாம். பழைய சைக்கிள் டியூபை வார்வாராக அறுத்து நாற்காலிக்கும் மூங்கிலுக்கும் இழுத்துக் கட்டினார், ஆட்டம் அடங்கியது. அப்போதும் தண்ணீர் பாதிக்கு மேல் தங்கவில்லை. பின்னாலேயே நடந்து கவனித்ததில் காரணம் தெரிந்தது. தூக்குகிற இருவரும் ஒரே நேரத்தில் ஒரே காலை எடுத்து வைத்தால் மூங்கில் துள்ளுகிறது. மாற்றி மாற்றி வைத்தால் துள்ளவில்லை. ஆனால் அவர்கள் பாரம் தூக்குவது பாட்டோடு. பாட்டு வந்தால் கால் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

“பாடாம வாங்களேன்” என்றார் இவர்.

நரைத்த மீசைக்காரர் ஒருவர்தான் அவர்களில் மூத்தவர். “பாட்டில்லாம தூக்குனா பாரம் ரெண்டா தெரியுமுங்க சாமி” என்றார்.

கடைசியில் முன்னால் போகிறவர் பாடுவது, பின்னால் வருகிற மீசைக்காரர் வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு பாட்டில் சேராமல் நடப்பது என்று ஒப்பந்தம் ஆயிற்று. அவருக்கு வெற்றிலை வாங்கிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு.

இப்படித் திருத்தித் திருத்தி, ஒரு நாள் செம்பு நிறையத் தண்ணீரோடு மூட்டை வீடு திரும்பியது. பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறியும் சேலை நனையவில்லை. இவர் செம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்து என்னிடம் காட்டினார். திருவிழாவில் சாமி வரம் கொடுத்ததுபோல முகம். நான் மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது.

“நான் அதுல உக்கார மாட்டேனுங்க.”

“ஏன்? சிந்தலையே. நீயே பாரு.”

“மூட்டை வாயத் தொறக்குமா? ஆடுச்சு, பயமா இருந்துச்சுன்னு சொல்லுமா? நீங்க உக்காந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க.”

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது என்பார்கள். நான் அந்தப் பூனைதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “சரி, நான் உக்கார்றேன்” என்றார்.

மறுநாள் காலையில் எங்கள் வாசலிலேயே ஏறி உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்துக் காலைப் பள்ளத்துப் பக்கம் நீட்டிக்கொண்டார். ஆட்கள் மூங்கிலுக்குக் கீழே தோளைக் கொடுத்தவர்கள், கொடுத்த வேகத்திலேயே விலகிக்கொண்டார்கள். மீசைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அப்போதே காரியம் பெரிது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“இப்பிடித் தூக்க மாட்டோமுங்க சாமி.”

“ஏன், பாரம் அதிகமா?”

“பாரத்துக்கு இல்லீங்க. கால் முன்னால போறது சுடுகாட்டுக்குத்தானுங்க. உசுரோட இருக்கறவங்களைத் தலை முன்னாலதான் தூக்குவோம்.”

“இத்தனை நாளும் இப்படித்தானே தூக்கினீங்க?”

“அது மூட்டைங்க சாமி. மூட்டைக்குக் கால் ஏதுங்க?”

எடை பார்த்து, சேலை பார்த்து, தலைக்கு உமி வரை பார்த்த மனிதர், கால் வைக்க மறந்துபோனார். காலில்லாத ஒன்றை அவர்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தூக்குவார்கள். அதில் அவர்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் இது மட்டும் வெளியே வந்திருக்காது.

இவர் விடவில்லை. தலையைப் பள்ளத்துப் பக்கம் வைத்தால் ரத்தம் தலைக்கு இறங்கும் என்று தூளியைச் சொல்லி வாதாடினார். கேட்டுக்கொண்டு படுத்திருந்த எனக்குப் பொறுக்கவில்லை. சன்னலிலிருந்தே கூப்பிட்டேன்.

“ஏனுங்க, அவங்க சொல்றாப்புலயே செய்யுங்க. உங்க நாக்காலி எப்பிடிச் சாஞ்சாலும் மட்டமாத்தானே நிக்குது? என்னை மேட்டைப் பார்த்து உக்கார வையுங்க. மனசு கோணித் தூக்குனா கையும் கோணும். நான் உசுரோட போய்ச் சேரணும்.”

இவர் இறங்கி நாற்காலியை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு மூட்டையை உள்ளே தூக்கிப்போனார். என்ன செய்கிறார் என்று பார்த்தால், தன்னுடைய காக்கிக் கால்சட்டைக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டிருந்தார். ஊதாச் சேலைக்குக் கீழே காக்கிக் கால்கள். சமையல்காரப் பெண் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் நாற்காலியைத் திருப்பினால் மட்டும் போதாது என்பது அன்றே தெரிந்தது. இறக்கத்தில் முன்னால் தரை தாழ்ந்து போகும், பின்னால் உயர்ந்து வரும். கால் இப்போது பின்பக்கம். முதல் கல்படியிலேயே பலகை இடித்து, கால்சட்டை கிழிந்து, வைக்கோல் வழியெல்லாம் கொட்டியது. அந்தக் கிழிசலைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தில் இருக்க வேண்டியது என் கால்கள்.

நாற்காலியைத் தூக்கிக் கட்டினால் தலை மூங்கிலில் முட்டியது. நடுவில் வில்லாக மேலே வளைந்த மூங்கில் வேண்டும் என்று காடெல்லாம் தேடினார். மேற்கே மேகம் கூட ஆரம்பித்துவிட்டது. ராத்திரி வந்து படுத்தவர் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரியும். நானும் தூங்கவில்லை. ஒருவருக்கொருவர் தூங்குவதாக நடித்துக்கொண்டோம். வயிற்றில் பிள்ளை மட்டும் புரண்டுகொண்டிருக்கும். அவர் ஒருமுறைகூடக் கை வைத்துப் பார்த்ததில்லை. ஆசை இல்லாமல் இல்லை. தொட்டால் போய்விடுமோ என்று பயம்.

மூங்கிலைக் கடைசியில் மீசைக்காரர்தான் கொண்டுவந்து கொடுத்தார். யார் வீட்டுப் பந்தலிலிருந்து உருவினாரோ கேட்கவில்லை. கால் பலகையை மேலே ஏற்றி முழங்கால் மடங்கும்படி வைத்தார் இவர். புதுக் கால்சட்டையில் வைக்கோல் நிரப்பி மறுபடி இறங்கிப் பார்த்தார்கள். தண்ணீர் நின்றது, காலும் நின்றது. அதற்குப் பிறகு ஒரு தடவை அவரே உட்கார்ந்து போய்வந்தார். வந்து என் கட்டிலோரம் அமர்ந்தவர், “ஒரு எடத்துல பயமாத்தான் இருந்துச்சு. ஆனா முன்னால வர்றது தெரியாததால சீக்கிரம் தாண்டிருச்சு” என்றார். பொய் சொல்லித் தேற்றியிருந்தால் நான் கிளம்பியிருக்க மாட்டேன்.

வெயில் ஏறுவதற்கு முன் புறப்பட்டோம். தோள் மாற்றுவதற்கு இன்னும் இரண்டு பேர் கூட வந்தார்கள். என் முகம் மேட்டைப் பார்த்திருந்தது. எங்கள் ஓட்டு வீடு, மரவள்ளிக் காடு, மிளகுக் கொடி ஏறிய மரங்கள் எல்லாம் மெல்ல மெல்ல மேலே போயின. எனக்கு நேர் எதிரே வெற்றிலை மெல்லும் மீசைக்காரர். அவர் தோளுக்குப் பின்னால் இவர். போன தடவை கம்பளியும் இருட்டும்தான் என்னோடு வந்தன. இந்தத் தடவை வழி முழுக்க என் வீட்டுக்காரர் முகம் என் எதிரில் இருந்தது. அவர் என் மடியையே பார்த்துக்கொண்டு வந்தார், செம்பு இல்லாமலேயே.

ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிட்டார். பலாமரத்தடியில் ஒரு பாறை. அதைத் தாண்டி வந்த பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. அங்கேதான் தூளி மோதியது; தூக்கி வந்தவர்கள் பிறகு அவருக்கு அந்த இடத்தைக் காட்டியிருக்க வேண்டும். அவர் ஒரு கணம் குனிந்து அந்தப் பாறையைத் தொட்டார். பிறகு ஓடிவந்து எங்களோடு சேர்ந்துகொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணை மூடிய பிறகுதான் அது உறைத்தது. வயிற்றில் அசைவு இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. கிளம்பும்போது உதைத்தது. அதற்கப்புறம்? கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்தப் பாறையைத் தாண்டும்போதே போய்விட்டதா?

“நிறுத்துங்க. நிறுத்துங்க. புள்ள அசையல.”

பாட்டு பாதியில் அறுந்தது. நாற்காலியைப் பூப்போல இறக்கினார்கள். இவர் என் முன்னால் மண்டியிட்டார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. “எங்க... எந்த எடத்துல குலுங்குச்சு?” என்றார். மூட்டையைத் தூக்கி வந்தவர்களிடம் கேட்கும் அதே கேள்விதான், ஆனால் குரல் அவருடையதாக இல்லை.

“குலுங்கலீங்க. எங்கேயுமே குலுங்கல.”

மர இலையில் காற்று ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் என் குலசாமியைக் கூப்பிட்டேன், மாரியாத்தாளைக் கூப்பிட்டேன், பெயர் தெரிந்த எல்லாரையும் கூப்பிட்டேன். அவர்களுக்கு என்ன செய்வேன் என்று வேண்டிக்கொண்டேனோ, இன்றுவரை நினைவில்லை.

அப்போது உள்ளே ஒரு புரளல். அதைத் தொடர்ந்து விலாவில் ஓர் உதை, சண்டைக்காரி உதைப்பதுபோல. நான் “ஐயோ” என்று கத்தியதில் இவர் நடுங்கிவிட்டார்.

“ஒதைக்குது. ஒதைக்குதுங்க.”

மீசைக்காரர் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்தார். “இம்புட்டு நேரம் தூங்கியிருக்குமுங்க அம்மிணி. தொட்டிலை நிறுத்துனா எந்தப் புள்ளதான் முழிச்சுக்காது?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பாவி மகளே, நாங்கள் இங்கே செத்துப் பிழைக்க, நீ தூங்கிக்கொண்டா வந்தாய்? இவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். அந்தக் காலத்தில் நாலு பேர் முன்னால் கட்டியவளின் விரலைக்கூடத் தொடமாட்டார்கள். மீசைக்காரர் ஒரு தரம் கனைத்தார். நாலு பேரும் ஒன்றாகத் திரும்பி நின்று, அங்கே என்ன இருந்ததோ, மலையுச்சியைப் பார்க்கத் தொடங்கினார்கள். இவர் கை என் வயிற்றில் பட்டது. அதற்கும் ஓர் உதை கிடைத்தது.

“கண்ணு” என்றார். என்னையா அதையா, தெரியாது. நான் கேட்கவில்லை.

காரவள்ளியில் கூண்டு வண்டியோடு என் அம்மா காத்திருந்தாள். வைக்கோல் பரப்பி, அதன் மேல் மெத்தை போட்டு, மாட்டை நடையிலேயே விட்டு, காளப்பநாயக்கன்பட்டியில் என் பிறந்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மாதம் நிறையும் வரை அங்கே இருந்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள்.

பிறந்தவள் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. ஆயா தூக்கி ஆட்டினாள், நிற்கவில்லை. அம்மா சீனித்தண்ணீர் தொட்டு வைக்கப் போனாள். கதவுக்கு வெளியே நின்றிருந்த இவர், “அழட்டுங்க அத்தை, கொஞ்ச நேரம் அழட்டும்” என்றார். பச்சைப் பிள்ளையை அழவிட்டுக் கேட்கிற அப்பன் உண்டா என்று அம்மா முணுமுணுத்தாள்.

எல்லாரும் போன பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் முதல் பிள்ளையைப் பற்றி வாய் திறந்தார். அன்றைக்கு வண்டி சொல்ல ஓடியவர், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று, மேலேயிருந்து அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே போனாராம். காரவள்ளி வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லையாம்.